கச்சான் காற்றும் நூறு சிசி வண்டியும்

உச்சிப்புளியில் யார் புது வண்டி எடுக்கக் கிளம்பினாலும் போகிற வழியில் என் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போவார்கள். "அண்ணே, நூறு சிசி போதுமா, இல்ல பெருசாப் பாக்கவா?" என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. ராமேஸ்வரம் தீவில் டெலிபோன் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குடியிருந்தது என்னவோ கரையில், உச்சிப்புளியில். தினமும் மண்டபம் தாண்டி, பாம்பன் பாலம் ஏறி இறங்கித்தான் வேலைக்குப் போக வேண்டும். அந்தப் போக்குவரத்து முழுவதையும் சின்ன வண்டியிலேயே ஓட்டி முடித்தேன். ஒரு வண்டியை உப்புக்காற்று தின்று தீர்த்ததும் அடுத்தது வாங்குவேன். அதுவும் நூறு சிசியாகத்தான் இருக்கும்.

அதனால் கேட்பவர்களிடம் கொஞ்சம் மிதப்பாகவே பதில் சொல்வேன். "தாராளமா எடு. பெட்ரோல் குடிக்காது, சாமான் எந்தக் கடையிலயும் கெடைக்கும், மணல்ல சிக்குனா நீயே தூக்கிரலாம்." அவர்களும் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். பாலத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் வாயைத் திறப்பதில்லை.

இந்தப் பங்குனியில் என் மகள் கார்த்திகா அதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு ராமேஸ்வரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்து அலுத்துப்போயிருந்தாள். "அய்யா, சின்ன வண்டி ஒண்ணு எடுத்துக்கிறேன். தெனம் போயிட்டு வர ஒத்துவருமா?" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "யோசிப்போம்" என்றேன்.

"ஊருக்கெல்லாம் வாயாரச் சொல்றீக. எனக்கு மட்டும் யோசனையா?"

அவள் கேட்டது சரிதான். ஊரார் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சுலபமாகச் சொன்ன பதிலை என் பிள்ளைக்குச் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கமுதிப் பக்கத்துக்காரன். மிளகாயும் பருத்தியும் பார்த்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் கண்மாய்த் தண்ணீர். அதுவும் பாதி வருசம் இருக்காது. நீச்சல் பழகும் அளவுக்குத் தண்ணீரை மொத்தமாகப் பார்த்ததே இல்லை. மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். கம்பம் ஏறினேன், கம்பி இழுத்தேன், கேபிளுக்கு ஜாயின்ட் போட்டேன். உயரம் என்னைப் பயமுறுத்தவில்லை. பயிற்சி முடிந்து பாம்பனுக்குப் போ என்றார்கள். சரி, அதுவும் நம்ம ஜில்லாதானே என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அப்போது ஆனி மாதம். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் வண்டி என் பேச்சைக் கேட்கவில்லை. வலது பக்கத்திலிருந்து யாரோ தோளில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பச்சையும் நீலமுமாகக் கடல் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டேன். அப்புறம் வண்டியை ஓட்டவில்லை. கையால் தள்ளிக்கொண்டே பாலம் முழுவதையும் நடந்து கடந்தேன். பஸ்ஸில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "என்னப்பா, பெட்ரோல் இல்லையா?" என்று ஒருத்தர் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்தக் காற்றுக்குக் கச்சான் என்று பெயர் என்பதை ஜமால் பாய்தான் எனக்குச் சொன்னார். தென்மேற்கிலிருந்து ஆனி, ஆடி முழுக்க அடிக்கும். ஜமால் பாய் எங்கள் லைன் இன்ஸ்பெக்டர், பெரியபட்டினத்துக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் வளைகுடாவுக்குப் போய்விட, அவர் மட்டும் கம்பத்தையும் கம்பியையும் கட்டிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் எதையும் எவரையும் நம்ப மாட்டார். நான் ஏறிப் பார்த்துவிட்டு வந்த கம்பத்தையும் ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். நான் முறுக்கிய நட்டை மறுபடியும் முறுக்குவார். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவரை யாரும் பார்த்தது கிடையாது. பஸ்ஸில் போக நேர்ந்தால்கூட உட்கார இடம் இருந்தும் உட்காராமல், டிரைவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று ரோட்டைப் பார்த்தபடியே வருவார். டிரைவர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்.

அவரும் என்னைப்போலத் தினமும் கரையிலிருந்துதான் வருவார். அவரிடமும் நூறு சிசி வண்டிதான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த கதை அவர் காதுக்குப் போனது. மறுநாள் காலையில் மண்டபத்தில், பாலத்துக்கு முன்னால் இருக்கும் டீக்கடையில் எனக்காக நின்றார்.

"ஏலே முனியசாமி, வா. டீயக் குடி. குடிச்சிட்டு நான் செய்யறதப் பாரு."

அவர் செய்ததை அதற்கப்புறம் வேலைக்காலம் முழுக்க நானும் செய்தேன். முதல் வேலை, டீக்கடைக்காரரிடம் ரயிலைப் பற்றி விசாரிப்பது. காற்று அளவுக்கு மேல் அடித்தால் ரயிலைப் பாலத்தில் விடாமல் நிறுத்திவிடுவார்கள். ரயில் நிற்கிறது என்றால் காற்று பொல்லாதது என்று அர்த்தம். "ரயிலையே நிப்பாட்டிட்டான். நம்மளை நிப்பாட்டத்தான் ஆளு இல்ல" என்பார். நிற்கவும் முடியாது. காற்று அடிக்கிற அன்றைக்குத்தான் தீவில் கம்பி அறும், கம்பம் சாயும், போன் சாகும். பாலம் எந்த நாளில் மோசமோ அந்த நாளில்தான் எங்களுக்கு வேலை.

அடுத்தது சாமான். பிளாஸ், ஸ்பேனர் இருக்கும் பையைத் தோளில் மாட்டக் கூடாது. டாங்கின் மேல் வைத்து இரண்டு முழங்காலாலும் இறுக்கிக்கொள்ள வேண்டும். கம்பிச் சுருளைச் சீட்டில் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். மழைக்கோட்டு போட்டிருந்தால் கழற்றி மடித்து வைக்க வேண்டும். நனைந்தால் காயலாம், கோட்டு உப்பினால் வண்டியோடு தூக்கிவிடும் என்பார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டாயிற்றா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் பிஸ்மி சொல்லி வண்டியை உதைப்பார்.

ஓட்டுவதில் ஒரு கணக்கு இருந்தது. தீவுக்குப் போகும்போது கச்சான் நமக்கு வலது பக்கம். எதிரில் வருகிற பஸ்ஸும் நமக்கு வலது பக்கம். காற்றுக்கு எதிராக உடம்பை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டே ஓட்டினால்தான் வண்டி நேராகப் போகும். அப்படிச் சாய்ந்து போகும்போது பஸ் வந்து பக்கத்தில் மறைத்தால் காற்று அறுந்துவிடும். சாய்ந்தவன் சாய்ந்தபடியே பஸ்ஸின் சக்கரத்துக்குள் போய்விடுவான்.

"பஸ்ஸு வர்றதுக்குக் கொஞ்சம் முந்தியே நிமிந்துரு. பஸ்ஸு போன மறு நொடி திரும்பச் சாஞ்சுரு. பிந்துனியோ, போயிட்டே. இது உன் மண்டைக்குத் தெரிஞ்சா பத்தாது. உன் இடுப்புக்குத் தெரியணும்" என்றார் ஜமால் பாய்.

அவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். அவருடைய வெள்ளைச் சட்டை எப்போது சாய்கிறது, எப்போது நிமிர்கிறது என்று பார்த்துப் பார்த்தே என் இடுப்புக்கும் தெரிந்தது. ஆனால் பயம் போகவில்லை. பழகினால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாம்பன் முனையில் இறங்கியதும் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரித்து எடுப்பேன். புதர்ப் பக்கம் ஒதுங்காமல் வேலைக்குப் போன நாள் குறைவு. வீட்டில் இதையெல்லாம் சொன்னதில்லை. என் சம்சாரத்தைப் பொறுத்தவரை நான் ஆபீசுக்குப் போய்வந்தேன், அவ்வளவுதான்.

பாலத்தில் எங்களைப்போலவே பயந்து ஓட்டிய இன்னொரு கூட்டம் மீன் வியாபாரிகள். காலையில் ஐஸும் மீனுமாகப் பெட்டி கனத்திருக்கும்போது சின்ன வண்டி ஆடாமல் கரைக்கு வந்துவிடும். விற்றுவிட்டுத் தீவுக்குத் திரும்பும்போதுதான் ஆபத்து. காலிப் பெட்டி காற்றைப் பிடிக்கும். அதனால் மண்டபத்தில் ரோட்டோரம் கிடக்கிற கருங்கல்லைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டுதான் பாலம் ஏறுவார்கள். பாம்பனில் இறங்கியதும் கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். மண்டபத்துக் கல்லெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பாம்பனுக்குக் குடிபோய்விட்டது என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு வியாபாரி கல் போடாமல் எனக்கு முன்னால் போனார். பாலத்தின் உச்சியில் பெட்டியின் மூடி திறந்துகொண்டது. பெட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு எழும்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடலுக்குள் போனது. வண்டி சரிந்து அவர் ஓரத்து நடைபாதையில் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். அடி பெரிதாக இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "பெட்டிதான் போச்சு, பெட்டிதான் போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கையை நான் பிடித்திருந்தேனா, என் கையை அவர் பிடித்திருந்தாரா என்று தெரியவில்லை.

இதைச் சொல்லிவிட்டு வண்டியை மட்டும் குறை சொல்லக் கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் ரோட்டை மணல் மூடிக் கிடக்கும் நாளில் ஜீப்பே திணறும். சின்ன வண்டியை இறங்கித் தள்ளிக் கொண்டுபோய்விடலாம். அது எனக்குச் சோறு போட்ட வண்டி. அதன் நல்ல குணம் லேசாக இருப்பது. அதன் கெட்ட குணமும் அதுவேதான். உப்பை மட்டும் மன்னிக்க முடியாது. செயின், ஸ்போக்ஸ், பிரேக் கேபிள் எல்லாவற்றையும் அரித்துவிடும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் போடாதவன் வண்டி வைத்துக்கொள்ளவே கூடாது.

அந்த உப்புதான் ஜமால் பாயின் வண்டியையும் ஒரு ஆடி மாதக் காலையில் மண்டபத்தில் நிறுத்தியது. டீக்கடை வாசலில் வண்டியை உதைத்துக் கிளம்பும்போது செயின் அறுந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் காற்று போட்டு அடித்திருந்தது. ரயில் மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது. தீவில் கம்பம் சாய்ந்து ஆஸ்பத்திரி லைன் செத்துப்போய், யாரும் யாரையும் கூப்பிட முடியாமல் கிடந்தது. எங்களுக்காகக் காத்திருந்தார்கள். பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. ஜமால் பாய் அறுந்த செயினைக் கழற்றி டீக்கடைப் பெஞ்சில் வைத்தார். பிறகு என் வண்டியைச் சுற்றிவந்து டயரை அமுக்கிப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"பின்னால ஏறிக்கிறேன். நல்லதுதான், ரெண்டு ஆளு கனம் இருந்தா வண்டி ஆடாது" என்றார். அவர் பின்னால் ஏறுவதைப் பார்த்த டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. கனம் இருந்தால் நல்லது. என் சம்சாரத்தை, மகளை எல்லாம் பின்னால் வைத்துப் பாலத்தில் போயிருக்கிறேன். அரிசி மூட்டைபோல உட்கார்ந்து வருவார்கள். வண்டி தனியாகப் போகும்போதைவிட நன்றாகவே போகும்.

பாலத்தில் ஏறியதும் முதல் வீச்சு வந்தது. வலப்பக்கம் சாய்ந்தேன். நான் சாய்ந்த அளவுக்கு வண்டி நிற்கவில்லை. இன்னும் போய்க்கொண்டே இருந்தது. நடு ரோட்டுக்கு வந்துவிட்டது. பதறிப்போய் இடப்பக்கம் நிமிர்ந்தேன். இந்தத் தடவை இடப்பக்கம் அதிகமாகப் போய்விட்டது. என்ன செய்தாலும் இரண்டு பங்காக நடந்தது. ஹேண்டில்பாரில் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"ஏலே, நேரா ஓட்டு!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவர் சத்தம் போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்.

"பாய், ஆடாம இருங்க!" என்று நானும் கத்தினேன். காற்று அதை எந்தப் பக்கம் கொண்டுபோனதோ தெரியாது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் எதிரே பஸ் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு மீன் லாரி. பஸ் வருவதற்கு முந்தி நிமிர வேண்டும். நிமிர்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் ஜமால் பாயும் அதே நொடியில் நிமிர்ந்தார். காற்று எங்களை இடப்பக்கம் அடித்து நடைபாதைத் திட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனது. பஸ் மறைத்தது. காது அடைத்ததுபோல் ஒரு அமைதி. பஸ் போன மறு நொடி சாய வேண்டும். சாய்ந்தேன். அவரும் சாய்ந்தார். வண்டி ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மீன் லாரியின் முகத்துக்கு நேராகப் போனது.

அந்த லாரியின் முன்பக்கம் எனக்கு இன்றைக்கும் வரையத் தெரியும். பம்பரில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம், ஒரு பக்கம் உடைந்த விளக்கு, டிரைவரின் திறந்த வாய். செத்தோம் என்று நினைத்தேன். மகள் அப்போது சின்னப் பிள்ளை. அவள் முகம் வந்தது, சம்சாரத்தின் முகம் வரவில்லை. லாரி பிரேக் போட்டுக் கிரீச்சிட்டது. நான் இடப்பக்கம் இழுத்தேன். எப்படித் தப்பினோம் என்று என்னால் சொல்ல முடியாது. வண்டி எங்கள் பக்கத்துத் திட்டில் உரசி நின்றது. ஜமால் பாய் சரிந்து, வலது மணிக்கட்டைத் திட்டில் ஊன்றி விழுந்தார்.

"சாகறதுக்குப் பாலந்தான் கெடச்சுச்சா?" என்று கத்திவிட்டு லாரிக்காரர் போனார்.

வண்டியை விட்டால் காற்று அதைத் தள்ளி யார் மேலாவது போடும். அதனால் அதை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம். ஜமால் பாயின் உதடு வெளுத்திருந்தது. மணிக்கட்டு வீங்கத் தொடங்கியிருந்தது.

"முனியசாமி, ஒரு வண்டிய ரெண்டு பேரும் ஓட்டிக்கிட்டிருந்திருக்கோம்ப்பா."

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. பாலம் தெரியாதவர்கள் பின்னால் உட்கார்ந்தால் சும்மா இருப்பார்கள். எங்கள் இரண்டு பேர் உடம்பும் பாலத்தில் பழகிய உடம்பு. காற்று தொட்டால் தானாகச் சாயும், பஸ்ஸைக் கண்டால் தானாக நிமிரும். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை அவரும் செய்தார், நானும் செய்தேன். இரண்டும் சேர்ந்து எங்களைக் கொல்லப் பார்த்தது.

"நீங்க ஓட்டுங்க பாய். நான் சும்மா உக்காந்து வாரேன்" என்றேன்.

மணிக்கட்டைக் காட்டினார். ஆக்சிலேட்டரைத் திருக முடியாது. தள்ளிக்கொண்டு போகலாமா என்று பார்த்தோம். ஆள் ஏறாத வண்டி அந்தக் காற்றில் எங்கள் மேலேயே சாய்ந்தது. அடுத்த பஸ் தூரத்தில் ஏறி வருவது தெரிந்தது. அங்கே நிற்கவே கூடாது.

"சரி, ஏறு. நான் ஆட மாட்டேன்" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியாமலே ஆடிருவீக பாய்."

"தெரியும். கண்ணத் தொறந்திருந்தா ஒடம்பு கேக்காது. கண்ண மூடிக்கிறேன்."

கம்பத்தையும் நட்டையும் பஸ் டிரைவரையும் நம்பாத மனிதர் என் பின்னால் ஏறினார். இடது கையால் என் இடுப்பைச் சுற்றிக்கொண்டார். முகத்தை என் முதுகில் பதித்தார். அவருடைய உதடு என் சட்டை மேல் அசைந்துகொண்டே இருந்தது. ஓதுகிறார் என்று புரிந்தது.

என் வாழ்க்கையில் அதைவிடப் பயந்த நேரம் கிடையாது. லாரிக்கு எதிரே போனபோதுகூட அது ஒரு நொடிதான். இது பாலத்தின் மீதிப் பாதி முழுவதும். முன்பெல்லாம் தவறு செய்தால் நான் போவேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தர் தன்னை முழுசாக என் கையில் கொடுத்துவிட்டார். பஸ் நெருங்கியது. நிமிர்ந்தேன். பின்னால் கனம் அப்படியே இருந்தது. காற்று அறுந்தது. பஸ் போனது. சாய்ந்தேன். கனம் அசையவில்லை. வண்டி என் பேச்சைக் கேட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றுக்கு வந்ததோ, வேறு எதற்கு வந்ததோ தெரியாது. துடைக்கக் கை இல்லை.

பாம்பன் முனையில் வண்டியை நிறுத்தினேன். "பாய், வந்துட்டோம்" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை.

"கீழ மண்ணா?"

"மண்ணுதான் பாய்."

அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தார். வண்டியை விட்டு இறங்கி ரோட்டோரத்தில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். "தம்பி, கம்பத்துல இருந்து விழுந்திருக்கேன். அப்பக்கூட இப்பிடிப் பயந்ததில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "வா, ஆஸ்பத்திரி லைனப் பாப்போம்" என்றார். கையில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவர் கீழே நிற்க, நான் கம்பம் ஏறினேன். மத்தியானத்துக்குள் லைன் வந்துவிட்டது. அந்தத் தடவை நான் முறுக்கிய நட்டை அவர் மறுபடியும் முறுக்கவில்லை. கை வலி காரணமாக இருக்கலாம்.

கை சரியான பிறகும் கச்சான் பலமாக அடிக்கிற நாளில் அவர் தன் வண்டியை மண்டபத்தில் விட்டுவிட்டு என் பின்னால்தான் ஏறினார். தனியாகப் போகும் லேசான வண்டியைவிட, கண்ணை மூடிய ஒரு ஆள் பின்னால் இருக்கும் வண்டி மேல் என்று கணக்குப் போட்டிருந்தார். ஏறினதும் கண்ணை மூடிக்கொள்வார். ஆபீசில் கேலி செய்தார்கள். "பாய் தூங்கிட்டே வேலைக்கு வாராரு" என்றார்கள். அவர் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் வந்தார்.

கார்த்திகாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சொன்னால் பயந்து பஸ்ஸிலேயே போய்விடுவாள் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப தனியாப் போனா சமாளிக்கலாம்ல?" என்றாள். கணக்கு டீச்சரிடம் கதை சொல்லி ஜெயிக்க முடியாது. சித்திரையில் வண்டி வந்துவிட்டது. நூறு சிசி.

காற்று இல்லாத மாதங்கள் ஓடிவிட்டன. ஆனி பிறந்து கச்சான் கிளம்பிய முதல் வாரம் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. "நானும் வாரேன்" என்றேன். அவள் பின் சீட்டைத் துடைத்துவிட்டாள்.

மண்டபம் வரை நான் நல்ல பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். பாலத்தில் முதல் வீச்சு வந்ததும் என் இடுப்பு வலப்பக்கம் போய்விட்டது. வண்டி வெட்டியது. "அய்யா, ஆடாதீக!" என்றாள். சரி என்று கண்ணை மூடினேன். மூடியதும் லாரியின் முகம் வந்து நின்றது. திறந்துவிட்டேன். மறுபடியும் மூடினேன். எதிரே ஏதோ இரைந்தது. திறந்துவிட்டேன். என் பிள்ளை ஓட்டும்போது என் கண் மூடவில்லை. எத்தனை தடவை முயன்றாலும் மூடவில்லை. ஜமால் பாயால் எப்படி முடிந்தது என்று அன்றைக்குத்தான் ஆச்சரியப்பட்டேன். எதிரே பஸ் வந்தது. நிமிரு, நிமிரு என்று என் உடம்பு முழுக்கக் கத்தியது. வாயை மட்டும் கடித்துக்கொண்டேன். அவள் தானாகவே நிமிர்ந்தாள், சரியான நேரத்தில். கூடவே நானும் நிமிர்ந்துவிட்டேன். வண்டி இடப்பக்கம் சரிந்து திட்டின் ஓரத்தை உரசப் போனது. அவள் எப்படியோ பிடித்து நிறுத்தினாள்.

பாம்பனில் இறங்கினோம். ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகம் வெளிறிப் போயிருந்தது. தினமும் தனியாக ஓட்டுகிறவள், அன்றைக்கு நான் இருந்ததால் சாகப் பார்த்தாள்.

"நீ போம்மா. நான் பஸ்ஸுல திரும்பிக்கிறேன்" என்றேன். "இனிமே என்னைய ஏத்தாத."

"வண்டி சரிதானே அய்யா?" என்று கேட்டாள்.

"வண்டி சரிதான்."

சின்ன வண்டி தினமும் வேலைக்குப் போய்வர நல்ல வண்டிதான். என்னைப்போல் ஒரு ஆளைப் பின்னால் ஏற்றாமல் இருந்தால் போதும்.

அவள் பாம்பனில் இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அது எங்களுக்குள் ஏற்பாடு. அவள் பாலம் ஏறும் நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு முன்கட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையைக் காலை அசைக்காமல் இருப்பேன். வீட்டில் இருக்கும்போது கண் மூடுகிறது.

நேற்று என் சம்சாரம் காப்பியோடு வந்து, "என்னங்க, காலையிலேயே தூக்கமா?" என்று தோளைத் தொட்டாள்.

"தொடாத" என்றேன். "இன்னும் பாலத்துல இருக்கேன்."